வீட்டுக்குள்ளேயே சைக்கிள் பயிற்சி: குறைந்த பட்ஜெட்டில் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 16, ஆந்திராவுக்குள் நுழைவதற்கு முன் தொடும் கடைசி ஊர்களில் ஒன்று ஆரம்பாக்கம். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். எல்லையைத் தாண்டினால் தடா, ஸ்ரீசிட்டி. இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள் என்பதால் இந்தச் சாலைக்குத் தூக்கமே கிடையாது. எளாவூர் சோதனைச்சாவடியைக் கடந்து வரிசைகட்டும் டிரெய்லர்கள், கம்பெனி பஸ்கள், ஷிஃப்ட் முடிந்த அவசரத்தில் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் பைக்குகள்.

இந்தப் பகுதியில் வாடகை அறையில் தங்கி ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒருவர், உடம்பைக் கொஞ்சம் கவனிக்கலாம் என்று சைக்கிளை எடுக்க நினைத்தால் என்ன ஆகும்? ஏ ஷிஃப்ட் வாரம் என்றால் விடிவதற்குள் கிளம்ப வேண்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் வெயில் ஏறியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மிச்சமிருக்கும் நேரத்தில் கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில், இருட்டில் மிதிக்க வேண்டும். ‘வேணாம்பா, ரூமுக்குள்ளயே ஏதாவது பண்ணிக்கலாம்’ என்று தோன்றுவது இயல்பு.

போனில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஸ்மார்ட் டிரெய்னர். விலை 50 ஆயிரம், 80 ஆயிரம், அதற்கும் மேல். அதைப் பார்த்து சிலர் ஆசையையே விட்டுவிடுகிறார்கள். சிலர் இ.எம்.ஐ. போட்டு வாங்கி, மூன்றாவது மாதம் அதில் துணி காயப்போடுகிறார்கள். இரண்டுக்கும் அவசியமில்லை. 15 ஆயிரம் ரூபாய்க்குள் உருப்படியான பயிற்சியை ஆரம்பிக்க முடியும். அந்தக் காசை எந்த வரிசையில் செலவழிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சாணைக்காரரின் சைக்கிள்

தெருவில் கத்தி சாணை பிடிக்க வருபவரைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்து மிதிப்பார். சக்கரத்தோடு பெல்ட் போட்டு இணைத்த சாணைக்கல் சுற்றும். கத்தியை அழுத்த அழுத்த அவர் காலில் பாரம் ஏறும். இடத்தை விட்டு நகராமல், பாரத்தை எதிர்த்து மிதிப்பது: இன்டோர் சைக்கிளிங் என்பதன் மொத்தத் தத்துவமும் இதுதான்.

சின்ன வயதில் ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஏறி வேகவேகமாக மிதித்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். சக்கரம் பேய்த்தனமாகச் சுற்றும், கால் வலிக்காது. எதிர்ப்பு இல்லாததால் அது விளையாட்டு, பயிற்சி அல்ல. பழைய சைக்கிளில் டைனமோவைத் தட்டிவிட்டதும் மிதிப்பது கொஞ்சம் கனமாகும், ஞாபகமிருக்கிறதா? டயரில் உரசிய ஒரு குட்டி உருளை, 6 வோல்ட் 3 வாட் பல்பை எரிப்பதற்காக நம் காலிலிருந்து சக்தியை எடுத்துக்கொண்டது. கடையில் ‘வீல்-ஆன் டிரெய்னர்’ என்று விற்பது, பெரிதாக வளர்ந்த டைனமோ என்று வைத்துக்கொள்ளலாம். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு இரும்புச் சட்டம், டயரில் அழுத்தும் ஒரு உருளை, அந்த உருளையைச் சுற்றவிடாமல் தடுக்க ஒரு வழி.

அந்த ‘தடுக்கும் வழி’ எது என்பதை வைத்துத்தான் விலை மாறுகிறது.

காந்தமா, எண்ணெயா?

இருப்பதிலேயே மலிவானது காந்த வகை. உருளையோடு சேர்ந்து ஒரு உலோகத் தகடு சுற்றும், பக்கத்தில் காந்தங்கள் இருக்கும். தகடு காந்தப்புலத்தில் சுற்றும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் உருவாகி, அதுவே தகட்டைப் பின்னுக்கு இழுக்கும். புதிய டிஜிட்டல் மீட்டர்கள் வருவதற்கு முன் வீட்டுச் சுவரில் இருந்த இ.பி. மீட்டரில் ஒரு அலுமினியத் தகடு மெதுவாகச் சுற்றுமே, அது தறிகெட்டு ஓடாமல் பிடித்துவைத்ததும் இதேபோன்ற ஒரு காந்தம்தான். எதுவும் எதோடும் உரசுவதில்லை என்பதால் தேய்மானம் குறைவு. கரன்ட்டும் தேவையில்லை. ஹேண்டில்பாரில் மாட்டும் ஒரு லீவரைத் தள்ளினால் காந்தம் நகர்ந்து பாரம் கூடும், குறையும். ஆன்லைனில் சுமார் 6 ஆயிரம் ரூபாயிலிருந்து 12 ஆயிரம் வரை கிடைக்கிறது.

அடுத்தது ‘ஃப்ளூயிட்’ வகை. உருளையின் முனையில் ஒரு அடைப்பு, அதற்குள் சிலிக்கோன் எண்ணெய், அதில் சுற்றும் ஒரு சின்ன விசிறி. வேகமாக மிதித்தால் எண்ணெய் இன்னும் பலமாக எதிர்க்கும். சாலையில் எதிர்க்காற்று செய்வதும் இதையேதான் என்பதால் மிதிப்பதற்கு இயல்பாக இருக்கும், சத்தமும் கொஞ்சம் குறைவு. லீவர் கிடையாது. கியர் மாற்றித்தான் பாரத்தை மாற்ற வேண்டும். விலை, காந்த வகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும். எண்ணெய் கசிந்தால் வேலை முடிந்தது.

கியர் இல்லாத சைக்கிள் வைத்திருப்பவருக்கு இந்தத் தேர்வில் குழப்பமே இல்லை. லீவர் உள்ள காந்த வகைதான். கியர் சைக்கிள் வைத்திருப்பவரும், பட்ஜெட் 15 ஆயிரம் என்றால் காந்தத்தையே எடுக்கலாம். மிச்சமாகும் காசுக்கு வேறு வேலை இருக்கிறது.

‘ரோலர்’ என்று மூன்றாவது ஒன்று உண்டு. மூன்று உருளைகள் பொருத்திய சட்டத்தின் மேல் சைக்கிளை அப்படியே ஏற்றி, பிடிமானமே இல்லாமல் பேலன்ஸ் பண்ணி ஓட்டுவது. வடிவமைப்பு எளிது. கும்மிடிப்பூண்டி மாதிரி தொழிற்பேட்டை ஊரில் லேத் பட்டறையில் கொடுத்தே செய்துவிடலாம் என்ற யோசனை எந்த மெக்கானிக்கல் டிப்ளமோக்காரருக்கும் வரும். செய்யலாம். ஆனால் உருளை மையம் விலகாமல் சுற்ற வேண்டும், இல்லையென்றால் அறை முழுக்க அதிரும். அதைவிட முக்கியம், பழகும்வரை விழுவீர்கள். ஒரு பக்கம் பீரோ, இன்னொரு பக்கம் கேஸ் சிலிண்டர் இருக்கும் பத்துக்குப் பத்து அறையில் முதல் கருவியாக இதை வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

ஆர்டர் போடும் முன் பின்சக்கரத்தைப் பாருங்கள்

காசு அதிகம் வீணாகும் இடம் இதுதான். ஆனால் விளம்பரத்தில் எங்கோ மூலையில் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

வீல்-ஆன் டிரெய்னர், சைக்கிளைப் பின்சக்கரத்தின் அச்சின் இரு முனைகளில் கவ்விப் பிடிக்கிறது. வெளிநாட்டுச் சந்தையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பதால், சக்கரத்தில் ‘குயிக் ரிலீஸ்’ இருக்கும் என்று அது எதிர்பார்க்கும். அதாவது நட்டு இல்லாமல், ஒரு லீவரை மடக்கினாலே சக்கரம் கழன்று வருகிற அமைப்பு. அதற்குப் பொருந்தும் இரும்புக் கம்பி ஒன்று பெட்டியிலேயே வரும். நம் வீட்டில் நிற்கும் சைக்கிளோ பெரும்பாலும் இரண்டு பக்கமும் நட்டு போட்டு இறுக்கியது. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள், அப்பா ஓட்டிய ஹெர்குலிஸ், குறைந்த விலை எம்.டி.பி. எல்லாம் இந்த ரகம். டிரெய்னரின் குழிவான முனை அந்த நட்டில் சரியாக உட்காராது. உட்கார்ந்த மாதிரி தெரிந்தாலும், எழுந்து நின்று மிதித்தால் நழுவும்.

தீர்வு இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. அச்சின் திரெட் அளவுக்குப் பொருந்தும் குமிழ் வடிவ நட் அடாப்டர் வாங்கி மாட்டலாம். அல்லது சைக்கிள் கடையில் கொடுத்து, பின்சக்கர அச்சையே உள்ளீடற்ற குயிக் ரிலீஸ் அச்சாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இதை டிரெய்னர் வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். வந்து பெட்டியைப் பிரித்த பிறகு ‘ரிட்டர்ன் பாலிசி’ படிப்பதில் பிரயோஜனம் இல்லை. விலை கூடிய புது எம்.டி.பி., ரோடு பைக்குகளில் ‘த்ரூ ஆக்சில்’ என்ற தடித்த அச்சு இருக்கலாம். அதற்குத் தனி அடாப்டர் வேண்டும்.

பழைய தடி சைக்கிள்களில் இன்னொரு சிக்கல். பின்னால் இருக்கும் இரட்டை ஸ்டாண்டு, மட்கார்டைத் தாங்கும் கம்பிகள், கேரியர் எல்லாம் அதே அச்சில் வந்து முடிகின்றன. டிரெய்னரின் கைகளுக்கு இடமே இருக்காது. எல்லாவற்றையும் கழற்றினால் பொருந்தும். தினமும் காலையில் பால் வாங்க அதே சைக்கிளில் போகிற வீட்டில் இது நடக்கிற காரியமில்லை.

டயரையும் பார்க்க வேண்டும். எம்.டி.பி.யின் கட்டைகட்டையான டயர் உருளையில் பட்டால் லாரி டயர் போலச் சத்தம் போடும், சீக்கிரம் தேயும். பின்னால் மட்டும் வழவழப்பான டயர் ஒன்றை மாற்றினால் போதும். அதற்காகப் புது சைக்கிளே வாங்கத் தேவையில்லை. சைக்கிளே இல்லை, இனிமேல்தான் வாங்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வாங்கும்போதே குயிக் ரிலீஸ் பின்சக்கரம் உள்ளதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்சக்கரம் தரையில் இருக்க, பின்சக்கரம் சற்று உயர்ந்து நிற்கும். இதைச் சமன்செய்ய ‘ரைசர் பிளாக்’ என்று ஒரு பிளாஸ்டிக் கட்டை விற்கிறார்கள். ஒரு பலகைத் துண்டு போதும்.

சைக்கிளே வேண்டாம், ஸ்பின் பைக் வாங்கலாமா?

ஸ்பின் பைக்குக்கு ஒரு சுவையான பூர்வீகம் உண்டு. 1980களில் அமெரிக்காவில் குடியேறிய தென்னாப்பிரிக்கர் ஜானி கோல்ட்பெர்க், அந்த நாட்டைக் குறுக்காகக் கடக்கும் பந்தயத்துக்காக இரவில் சாலையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கார் மோதாமல் மயிரிழையில் தப்பினார். இனி சாலை வேண்டாம் என்று வீட்டுக்குள்ளேயே மிதிக்க அவர் உருவாக்கிய வண்டியும் முறையும்தான் பிறகு உலகமெங்கும் ஜிம்களில் ‘ஸ்பின்னிங்’ ஆனது. நெடுஞ்சாலையைப் பார்த்துத் தயங்கும் ஆரம்பாக்கத்துக்காரருக்கு அவர் தூரத்துச் சொந்தம்.

வீட்டில் சைக்கிள் இல்லையென்றாலோ, கணவன் மனைவி, தம்பி என்று இரண்டு மூன்று பேர் மாறி மாறி மிதிக்கப் போகிறார்கள் என்றாலோ ஸ்பின் பைக் சரியான தேர்வு. சீட்டையும் ஹேண்டிலையும் நிமிடத்தில் உயரம் மாற்றிக்கொள்ளலாம். 10 ஆயிரத்திலிருந்து 25 ஆயிரம் ரூபாய் வரை நிறைய மாடல்கள் இருக்கின்றன. விலைப்பட்டியலில் ஃப்ளைவீல் எடையைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எடை கூடினால் மிதி சீராக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதைவிட முக்கியமான மூன்று விஷயங்கள் கீழே எங்கோ இருக்கும்: எவ்வளவு எடையுள்ளவரைத் தாங்கும், சீட்டை எவ்வளவு உயரம் ஏற்றலாம், பிரேக் காந்தமா அல்லது சக்கரத்தில் உரசும் ஃபெல்ட் பட்டையா. உரசும் பட்டை தேயும், மாற்ற வேண்டிவரும்.

பல ஸ்பின் பைக்குகளில் ஃப்ரீவீல் கிடையாது. கால் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தின் வேகத்தில் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில், கை விரலை உள்ளே விடும் வயதில், இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

அசெம்பிள் செய்யும்போது ஒரு தவறு சகஜமாக நடக்கிறது. இடது பெடலுக்குத் திரெட் தலைகீழ். கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்றினால்தான் இறுகும். இது தெரியாமல் ஸ்பேனர் போட்டு அழுத்தி இறுக்கினால் கிராங்கின் திரெட் போய்விடும். புது வண்டி முதல் நாளே ‘டக் டக்’ என்று சத்தம் போடும். பெடலில் எல், ஆர் என்று எழுத்து இருக்கும், பார்த்து மாட்டுங்கள்.

குட்டித் திரையில் ஓடும் ‘கலோரி’ எண்ணை நம்பி இரவில் இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட வேண்டாம். நம் எடையும் தெரியாது, நாம் கொடுக்கும் விசையும் தெரியாது அந்தப் பெட்டிக்கு. பெரும்பாலான மலிவு மாடல்களில் அது பெடல் எத்தனை முறை சுற்றியது என்பதிலிருந்து போட்ட ஒரு குத்துமதிப்பான கணக்கு.

50 ஆயிரம் கொடுத்தால் கூடுதலாக என்ன கிடைக்கிறது?

ஸ்மார்ட் டிரெய்னர் ஏமாற்று வேலை அல்ல. நீங்கள் கொடுக்கும் சக்தியை வாட் கணக்கில் அளக்கும். போனோடு புளூடூத்தில் இணைந்து, திரையில் மலையேற்றம் வந்தால் தானே பாரத்தைக் கூட்டும். 2014-ல் வந்த ‘ஸ்விஃப்ட்’ என்ற செயலி (மாருதி காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) இந்த அனுபவத்தை ஒரு வீடியோ கேம் ஆக்கியது. ஜே வைன் என்ற ஆஸ்திரேலியர், அந்தச் செயலி நடத்திய 2020-ம் ஆண்டுப் போட்டியில் ஜெயித்துத் தொழில்முறை அணியில் இடம்பிடித்தார். 2022-ல் ஸ்பெயினின் பெரிய பந்தயமான வுவெல்டாவில் இரண்டு கட்டங்களை வென்றார். அறைக்குள் எடுக்கும் பயிற்சி சாலையில் செல்லுபடியாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் யாருக்கு அந்த வாட் எண் தேவை? பந்தயத்துக்குத் தயாராகிறவர், பயிற்சியாளர் கொடுத்த அட்டவணையைத் துல்லியமாகப் பின்பற்றுகிறவர். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரவே சவாரிக்குத் தயாராகும் ஒருவருக்குக்கூட அது வசதி, கட்டாயம் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து 40 நிமிடம் மிதித்து, சுகரும் தொப்பையும் ஏறாமல் பார்த்துக்கொள்ள நினைப்பவருக்கு அது தேவையே இல்லை.

வாங்கும் விலையோடு செலவு முடிவதும் இல்லை. 2024-ல் அந்தச் செயலியின் மாதக் கட்டணம் 14.99 டாலரிலிருந்து 19.99 டாலராக உயர்ந்தது. ஒரு வருடத்துக்கு மாதாமாதம் கட்டினால், நம் காசில் ஒரு நல்ல காந்த டிரெய்னரின் விலையைத் தாண்டிவிடும். ‘மைவூஷ்’ போன்ற இலவசச் செயலிகளும் இருக்கின்றன. எதுவாக இருந்தாலும் கையிலிருக்கும் சென்சாரை அந்தச் செயலி ஏற்கிறதா என்று முதலில் போனில் இறக்கிச் சோதித்துப் பாருங்கள். சென்சாரை வாங்கிவிட்டுச் செயலியைத் தேட வேண்டாம்.

எல்லோரும் மறக்கும் கருவி

இன்டோர் பயிற்சியைப் பாதியில் விட்டவர்களிடம் கேட்டால், ‘போர் அடிச்சிடுச்சு’ என்பார்கள். நம் ஊரில் உண்மையான காரணம் பல நேரம் வேறு. சூடு.

மனித உடல் ஒரு மோசமான எஞ்சின். எரிக்கும் சக்தியில் சுமார் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது, மிச்சம் வெப்பமாகிறது. பெடலில் 150 வாட் கொடுக்கிறீர்கள் என்றால் உடம்புக்குள் 450 முதல் 600 வாட் வெப்பம் உருவாகிறது. அயர்ன் பாக்ஸ் ஒன்றைப் பாதி சூட்டில் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாலையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே வேகத்தில் காற்று மேலே அடிக்கும். அறைக்குள் வேகமும் இல்லை, காற்றும் இல்லை.

வியர்வைதான் நம் ஏ.சி. ஒரு லிட்டர் வியர்வை ஒரு மணி நேரத்தில் முழுதாக ஆவியானால் சுமார் 670 வாட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கணக்குப்படி அதுவே போதும். ஆனால் ‘முழுதாக ஆவியானால்’ என்பதில்தான் சிக்கல். ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியும் கடலும். காற்றில் ஏற்கெனவே ஈரம். வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். தரையில் விழும் சொட்டு உடம்பைக் குளிர்விப்பதில்லை. உடல் சூடேற ஏற, அதே மிதிக்கு இதயம் இன்னும் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. பதினைந்தாவது நிமிடத்திலேயே ‘நமக்கு ஸ்டாமினா இல்லை’ என்று இறங்கிவிடுகிறோம். ஸ்டாமினா இருந்தது, காற்றுதான் இல்லை.

சீலிங் ஃபேன் போதாது. காற்று நேராக நெஞ்சிலும் முகத்திலும் அடிக்கும்படி ஒரு பெடஸ்டல் அல்லது டேபிள் ஃபேன், ஜன்னலுக்குப் பக்கத்தில், முன்னால் வைக்க வேண்டும். 2 ஆயிரம், 3 ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். 60 வாட் ஃபேன் தினமும் முக்கால் மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்கூட வராது. 15 ஆயிரம் பட்ஜெட்டில் ஃபேனுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு மீதிக்கு டிரெய்னர் பார்ப்பதுதான் சரியான வரிசை. கரன்ட் போனால்? டிரெய்னர் ஓடும், ஆனாலும் அன்று மெதுவாக மிதியுங்கள். மே மாதப் பகலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே முயற்சியே வேண்டாம். தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே இறங்க வேண்டும். பி.பி., இதயப் பிரச்சினை இருப்பவர்கள் ஆரம்பிப்பதற்கு முன் டாக்டரைக் கேட்பது அவசியம்.

ஹேண்டில்பார் மேலே ஒரு பழைய துண்டோ லுங்கியோ போட்டுவிடுங்கள். வியர்வை உப்பு, சைக்கிளின் முன்பக்க பேரிங்கையும் போல்ட்டையும் துருப்பிடிக்க வைக்கும். மழையில் நனைந்த சைக்கிளைத் துடைப்பவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை.

எண்கள் வேண்டுமா? பாதி இலவசம்

பயிற்சி முன்னேறுகிறதா என்று தெரிய ஏதாவது அளவு வேண்டும்தான். வலது முழங்கால் 15 விநாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது வந்துவிடும். 20 வந்தால் 80 சுற்று. ஆரம்பத்துக்கு நல்ல அளவு. எவ்வளவு கடினமாக மிதிக்கிறோம் என்பதற்குப் பேச்சுதான் அளவுகோல். முழு வாக்கியம் பேச முடிந்தால் லேசான பயிற்சி. மூன்று நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடினம். பேசவே முடியவில்லை என்றால் அது ஓரிரு நிமிடங்களுக்கு மட்டும்.

இதயத் துடிப்பு தெரிய வேண்டும் என்றால் நெஞ்சில் கட்டும் பட்டைக்கு 3 ஆயிரம் ரூபாய் அளவில் ஆகலாம். இதை இரண்டாவது மாதம் வாங்கினால் போதும். 220-லிருந்து வயதைக் கழித்து வரும் ‘அதிகபட்சத் துடிப்பு’ ஒரு சராசரிதான். ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு முன்னே பின்னே இருப்பது சகஜம்.

காந்த டிரெய்னரையே ஒரு மலிவான அளவுகருவியாகவும் மாற்றலாம். ஒவ்வொரு முறையும் டயரில் ஒரே அளவு காற்று, உருளை டயரைத் தொட்ட பிறகு குமிழை அதே எண்ணிக்கையில் திருகுவது, லீவர் அதே எண்ணில். இப்படி வைத்தால் குறிப்பிட்ட வேகத்துக்குக் குறிப்பிட்ட உழைப்பு என்பது மாறாது. போன மாதம் 20 நிமிடத்தில் 9 கிலோமீட்டர், இந்த மாதம் 9.6 என்றால் நிஜமாகவே முன்னேறியிருக்கிறீர்கள். அந்த 9.6 யாருடைய எண்ணோடும் ஒப்பிட முடியாதது, உங்களோடு மட்டும் ஒப்பிடலாம். வேக மீட்டர் வாங்கும்போது கவனம்: மலிவான மீட்டர்களின் சென்சாரை முன்சக்கரத்தில் மாட்டச் சொல்வார்கள். டிரெய்னரில் முன்சக்கரம் சுற்றவே சுற்றாது. பின்சக்கரத்தில் மாட்டுகிற மாதிரி, வயர் இல்லாத ரகமாகப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் மிதிப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. தினம் 30 நிமிடமாக ஐந்து நாள் என்றால் கீழ் எல்லையைத் தொட்டாயிற்று. ஷிஃப்ட் மாறும் வாரத்தில் மூன்று நாள்தான் முடிந்தது என்றாலும் குடி முழுகிப்போகாது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த காலையில் தூக்கத்தைத் தள்ளிவைத்து மிதிப்பதைவிட, தூங்கி எழுந்து மாலையில் மிதிப்பது நல்லது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. யாரோ ஒருவர் உற்சாகத்தில் வாங்கி மூன்று முறை மிதித்த டிரெய்னர், பாதி விலைக்கு வருவது உண்டு. காந்த டிரெய்னரில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. உருளையைக் கையால் சுற்றிக் காதுகொடுத்துக் கேளுங்கள். கரகர சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது. லீவரை ஒவ்வொரு எண்ணாகத் தள்ளி, பாரம் உண்மையில் மாறுகிறதா என்று பாருங்கள். அந்த இரும்புக் கம்பி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அதைத்தான் பலர் தொலைத்திருப்பார்கள். உங்கள் சைக்கிளையே ஆட்டோவில் போட்டு எடுத்துப்போய் மாட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஸ்பின் பைக் என்றால் ஏறி, பாரத்தைக் கூட்டி, எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள். கால் அழுத்தும் ஒவ்வொரு முறையும் கீழே ‘டொக்’ என்றால் விட்டுவிடலாம். சீட்டுக் கம்பத்தை வெளியே இழுத்துப் பார்த்தால் உள்ளே துரு எவ்வளவு என்று தெரியும். ஸ்மார்ட் டிரெய்னரை செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் அடாப்டர் ஒரிஜினலா, போனோடு இணைகிறதா என்று விற்பவர் வீட்டிலேயே பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள், முதலில் பக்கத்து ஜிம்மில் ஒரு மாதம் மட்டும் சேர்ந்து அங்கிருக்கும் சைக்கிளை வாரத்துக்கு மூன்று நாள் மிதித்துப் பார்க்கலாம். நான்காவது வாரமும் போய்க்கொண்டிருந்தால் டிரெய்னர் ஆர்டர் போடுங்கள். போகவில்லை என்றால் 15 ஆயிரம் மிச்சம்.

மேலே மிதித்தால் கீழே கேட்கும்

மாடி அறையில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. டிரெய்னரின் ரீங்காரத்தைவிட அதன் அதிர்வுதான் தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். அங்கே நைட் ஷிஃப்ட் முடித்த ஒருவர் பகலில் தூங்கிக்கொண்டிருக்கலாம். இதற்கென்று விற்கும் மேட் வாங்க வேண்டாம். கனமான ரப்பர் ஷீட் ஒரு துண்டை ஹார்டுவேர் கடையில் வாங்கி, இரண்டு மடிப்பாக டிரெய்னரின் கால்களுக்கு அடியில் மட்டும் போட்டால் அதிர்வு வெகுவாகக் குறையும். பழைய கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தால் இன்னும் விசேஷம், சிப்காட் பக்கம் அதைத் தேடுவது அவ்வளவு கஷ்டமில்லை. மாட்டி முடித்ததும் ஒருமுறை கீழே இறங்கிப்போய், ‘அண்ணே, சத்தம் ஏதும் கேக்குதா?’ என்று கேட்டுவிட்டு வந்து மிதிக்க ஆரம்பியுங்கள்.